குடிநோய்க்கு வைத்தியம்: செலவு யார் தலையில்?

குடிக்கும் கணவனை மீட்க மனைவி தாலியை அடகு வைத்துத் தனியார் விடுதிக்குப் பணம் கட்டுகிறாள். 2003 முதல் சில்லறையிலும் மதுவை விற்று வருமானம் காண்பது சர்க்கார்; வைத்தியச் செலவு மட்டும் கூலிக்காரன் தலையிலா?

2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சர்க்கார் மனநல நிலையங்களில் இலவச சிகிச்சை உரிமை என்கிறது. மதுவால் வரும் மனநோயும் இதில் அடக்கம்.

ஆகவே, முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாரிடம் போனால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரில்லாத விடுதி ஆபத்து.

ஏட்டிலுள்ள உரிமை நோயாளிக்குப் படுக்கையாகாது. ஜில்லாதோறும் போதிய படுக்கையும் டாக்டரும் மருந்தும் கேட்டு ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாய்ப் போராட வேண்டும்!