வடித்த எண்ணெயை எங்கே ஊற்றுவது?

வாசிக்க: லூக்கா 16:10-12



நம் வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் படிப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்து, போன வருடம் சொந்தச் சம்பளத்தில் முதல் கார் வாங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வெளியே வந்து வண்டியின் மேல் கை வைத்து ஜெபித்தார். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் மேசையருகே விவாதம் ஆரம்பித்துவிட்டது. புது வண்டிக்கு முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

"ஆயிரம் மைல் தாண்ட விடாதே தம்பி. உள்ளே இரும்புத் தூள் கிடக்கும்" என்றார் ஓர் அங்கிள். ஊரில் பைக் வாங்கிய யாரும் இதைத்தான் சொல்வார்கள். அங்கே 500 கிலோமீட்டரிலிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ் முடிந்துவிடும். "அதெல்லாம் அந்தக் காலம்" என்றார் இன்னொருவர். "நீங்களாகக் கை வச்சா வாரண்டி போயிரும்" என்று ஆன்ட்டி ஒருவர் பயமுறுத்தினார்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால், வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பார்த்தோம். 10,000 மைல் அல்லது 12 மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும் என்று இருந்தது. முழு சின்தெடிக் எண்ணெய் ஊற்றும் பல புதிய கார்களுக்கு இன்று இப்படித்தான் கணக்கு. அங்கிள் சொன்னதும் பொய் இல்லை. பழைய இன்ஜின்களில் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உலோகத் துகள் அதிகம் உதிரும். அதனால் முதல் எண்ணெயைச் சீக்கிரம் வடித்தார்கள். இப்போது பாகங்களைக் கடைந்து மெருகேற்றும் வேலை மிகவும் நுட்பமாகிவிட்டது. முதல் எண்ணெயை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள்கூட உண்டு. பி.எம்.டபிள்யூவின் எம் வகைக் கார்களைப் போலச் சிலவற்றுக்கு மட்டும் 1,200 மைலிலேயே முதல் சர்வீஸ். ஆகவே உங்கள் வண்டிக்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அடுத்த வரி என்ன வரும் என்று தெரியும். "வண்டிக்குக் கையேடு இருப்பதுபோல நமக்கு வேதாகமம்." அதை இன்னொரு மாதம் சொல்கிறோம். இந்த மாதம் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு.

வாரண்டி பயத்துக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டத்தின்படி, தங்கள் சர்வீஸ் சென்டரில்தான் ஆயில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி நிபந்தனை போட முடியாது. நீங்களே மாற்றலாம். ஆனால் கையேட்டில் சொன்ன ரகத்து எண்ணெயையே ஊற்ற வேண்டும். வாங்கிய ரசீதையும், மாற்றிய தேதியையும், அன்றைய மைல் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும். பின்னால் கேள்வி வந்தால் அதுதான் சாட்சி. சில கம்பெனிகள் முதல் இரண்டு வருட சர்வீஸை இலவசமாகவே செய்து தருகின்றன. உங்களுக்கு அது உண்டா என்று முதலில் பாருங்கள். எங்கள் நண்பருக்கு இல்லை. அவருக்குத் தன் கையால் செய்து பார்க்கவும் ஆசை.

பதினோராவது மாதம், 7,400 மைல் ஓடியிருந்தபோது ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். நண்பர் இருப்பது அப்பார்ட்மெண்டில். அதுபோன்ற இடங்களில் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அதனால் சான் ரமோனின் தென்பக்கத்தில் சபை மூப்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போனோம். மூப்பருக்கு ஊரில் இருந்த காலத்தில் அண்ணன் வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டில் வளர்ந்த கை. இங்கே வந்து 25 வருடம் கம்ப்யூட்டர் வேலை. "ஸ்பேனர் பிடிச்சு எத்தனை நாளாச்சு" என்று சந்தோஷமாகக் கராஜைத் திறந்தார்.

முதலில் அவர் சொன்னது: "ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே." சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஜாக்கித் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தோம். அசைத்துப் பார்த்த பிறகுதான் யாரும் அடியில் போனோம். எண்ணெய் இளகி வரும்படி இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தோம். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டோம். பழைய எண்ணெய் தோலில் அடிக்கடி படுவது நல்லதல்ல.

பிறகு அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் தளர்த்தினார் வண்டிக்காரர். அவர் தட்டை போல்ட்டுக்கு நேர் கீழே வைத்திருந்தார். எண்ணெய் முதலில் நேராக விழாது, வளைந்து பாயும். அது எங்களுக்குத் தெரியவில்லை. முதல் பாய்ச்சல் தட்டைத் தாண்டி சிமெண்டுத் தரையில் விழுந்தது. தட்டை நகர்த்துவதற்குள் கறுப்பாக ஒரு கோடு வாசல் சரிவில் இறங்கித் தெருவோரச் சாக்கடையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

எங்களில் ஒருவர் ஓடிப்போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். கழுவிவிட்டால் சுத்தமாகிவிடும் அல்லவா?

"தண்ணி விடாதே! நிறுத்து!" என்று மூப்பர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே போய், பூனைக்குப் போடும் மணல் மூட்டையைத் தூக்கி வந்து, கறுப்புக் கோட்டின் மேல் கொட்டினார். அது எண்ணெயை உறிஞ்சும்வரை காத்திருந்து, பெருக்கி, ஒரு பையில் கட்டினோம். சாக்கடை வாய்க்கு இன்னும் மூன்று அடிதான் இருந்தது.

"சமையலறைத் தண்ணீர் வேறு, தெருத் தண்ணீர் வேறு" என்றார் மூப்பர். வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவோர மழைநீர்க் கால்வாயில் போவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது. நம் ஊரின் வடபக்கத்து மழைநீர் சான் ரமோன் ஓடை வழியாக வால்நட் கிரீக்கில் சேர்ந்து சுய்சுன் விரிகுடாவுக்குப் போகும். தென்பக்கத்து நீர் டப்ளின், பிளசன்டன் வழியாக அலமேடா ஓடையில் சேரும். அந்த ஓடை நைல்ஸ் பள்ளத்தாக்கைக் கடந்து பிரீமாண்டுக்கு இறங்குகிறது. அங்கே அதன் நீரைக் குளங்களில் தேக்கி நிலத்தடிக்குள் இறக்கி, பிரீமாண்ட், நியூவார்க், யூனியன் சிட்டி மக்களின் குடிநீரில் ஒரு பங்கை எடுக்கிறார்கள். ஸ்டீல்ஹெட் என்னும் மீன் கடலிலிருந்து மறுபடி மேலேறி வரட்டும் என்று அதே ஓடையில் மீன் ஏணிகளும் கட்டியிருக்கிறார்கள்.

பிரீமாண்டில் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிற வீடுகள். எங்கள் கையில் இருந்த குழாய்த் தண்ணீர் அவர்கள் பக்கம்தான் போயிருக்கும். ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. ஒரு காரிலிருந்து வடிவது சாதாரணமாக ஒரு காலனுக்கு முன்னே பின்னே.

மீதி வேலை ஒழுங்காக நடந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார் மூப்பர். பழைய வளையத்தின் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால் எண்ணெய் பீறிட்டு வந்துவிடும். புது வளையத்தில் கொஞ்சம் புது எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினோம். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கினோம். அதற்கு மேல் பலம் காட்டினால் மரை போய்விடும். கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தோம். இரண்டு குறிகளுக்கும் நடுவே, தேன் நிறத்தில் இருந்தது. எல்லோரும் கை தட்டினோம். ஆன்ட்டி வெங்காய பஜ்ஜி கொண்டுவந்தார்கள். படம் எடுத்து வாலிபர் குழுவுக்கு அனுப்பினோம்.

இப்போது வெட்கமான பகுதிக்கு வருகிறோம். வடித்த எண்ணெயைப் புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, கராஜ் மூலையில் வைத்தோம். "அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம்" என்றோம். அடுத்த வாரம் பாடகர் குழுப் பயிற்சி. அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம். இரண்டு மாதம் போய்விட்டது. மூப்பர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை அந்த வீட்டில் ஜெபக்கூட்டத்துக்குப் போகும்போதும் அந்த டப்பா எங்களைப் பார்த்தது.

ஒருநாள் எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கறுப்புப் பையில் ரெண்டு சுத்துச் சுத்திக் குப்பைத் தொட்டியில் போட்டா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது, உண்மைதான். கலிபோர்னியாவில் பழைய எண்ணெய் சட்டப்படி அபாயகரமான கழிவு. குப்பையிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடுவது குற்றம். ஆனால் அந்த டப்பாவைத் தேடி ஒரு போலீஸ்காரரும் வரமாட்டார். எங்களைத் தடுத்தது சட்டம் அல்ல. அந்த வாரம் வேதபாடத்தில் நாங்கள் வாசித்திருந்த பகுதிதான், மேலே குறித்திருக்கிறோம். மிகச் சிறிய காரியத்தில் ஒருவன் எப்படியோ அப்படித்தான் பெரிய காரியத்திலும் இருப்பான் என்பது நமக்கெல்லாம் பழக்கமான வசனம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி ஆண்டவர் கேட்கிற கேள்வியை நாங்கள் அதுவரை கவனிக்கவே இல்லை. பிறருடையதில் நீ நேர்மையாக இல்லாவிட்டால், உன்னுடையதை உனக்கு யார் தருவார் என்கிறார்.

கார் எங்கள் நண்பருடையது. அதற்கு நல்ல எண்ணெய், நல்ல ஃபில்டர், புது வாஷர், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஓடை பிறருடையது. அதற்கென்று வந்தபோது எங்களுக்கு இரண்டு மாதமாக நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம். 680 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மார்ட்டினெஸ். அங்கே சென்ட்ரல் கான்ட்ரா கோஸ்டா சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் நடத்தும் வீட்டு அபாயக் கழிவு நிலையம் இருக்கிறது. சான் ரமோன் குடும்பங்களிடம் பணம் வாங்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய், ஃபில்டர், எண்ணெய் உறிஞ்சிய மணல், மூன்றையும் கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை. அதற்குத்தான் இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தோம். எண்ணெய் மட்டும் என்றால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கார் உதிரிபாகக் கடைகள் பலவற்றிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். போகுமுன் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம். பழைய எண்ணெயோடு தண்ணீர், கூலன்ட், பிரேக் திரவம் எதையும் கலந்துவிடாதீர்கள். கலந்தால் அதை மறுபடி பயன்படுத்த முடியாமல் போகலாம்.

மறுபடி பயன்படுத்துவதா என்று நாங்களும் கேட்டோம். "ஊரில் வேஸ்ட் ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவோம், கரையான் வராமல் மரத்துக்குப் பூசுவோம். அதோடு சரி" என்றார் மூப்பர். இங்கே நடப்பது வேறு. அடிப்படை எண்ணெய் தேய்ந்து போவதில்லை. அழுக்குச் சேர்கிறது, அதில் கலந்த ரசாயனங்கள் தீர்ந்து போகின்றன, அவ்வளவுதான். சுத்திகரித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தால் மறுபடி இன்ஜின் எண்ணெயாகிவிடும். பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் 42 காலனிலிருந்து கிடைக்கும் இரண்டரை குவார்ட் இன்ஜின் எண்ணெயை, பழைய எண்ணெய் ஒரே காலனிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறது அதே முகமை. செவ்ரான் கம்பெனியின் தலைமையகம் பல வருடம் இருந்த ஊர் நம் ஊர். எண்ணெயைப் பற்றி இதைக்கூடத் தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு குப்பைத் தொட்டி யோசனை சொன்னவரே சொன்னார்: "நாம மன்னிப்புக் கேட்டு ஜெபிச்சு முடிச்சதும் லேசாகிடுறோம். ஆனா நாம கொட்டினது யார் வாசல்ல போய் நின்னுச்சுன்னு பார்க்கிறதே இல்ல."

அதைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்ல நினைத்தோம். வீட்டில் எரிச்சலில் கொட்டிய வார்த்தையைத் தம்பியோ அம்மாவோ சுமந்துகொண்டு இருக்கலாம். நாம் முடிக்காமல் விட்ட வேலையை ஒருவர் சத்தமில்லாமல் முடித்திருக்கலாம். நமக்குள் புது எண்ணெய் ஊற்றப்பட்டது உண்மை, அதற்காக ஸ்தோத்திரம். பழையது எங்கே போயிற்று என்றும் ஒருதடவை திரும்பிப் பார்ப்போம். போய் எடுத்து, கொண்டுசேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்போம்.

கலந்துரையாட

1. நீங்கள் "அடுத்த வாரம்" என்று தள்ளி வைத்திருக்கும் டப்பா எது?

2. உங்கள் சொந்தப் பொருளுக்கும் பிறருடைய பொருளுக்கும் நீங்கள் காட்டும் கவனம் ஒன்றா? சபை மண்டபத்தையும் அலுவலகத்தையும் தெருவையும் நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

3. உங்கள் வீட்டு வாசலில் விழும் மழைநீர் எந்த ஓடைக்குப் போகிறது? இந்த வாரம் கண்டுபிடித்து வாருங்கள்.

ஜெபம்

ஆண்டவரே, யாரும் பார்க்காத இடத்திலும் எங்களை உண்மையாய் நடக்கச் செய்யும். எங்களால் பிறருக்கு நேர்ந்ததைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் தாரும். சரிசெய்யப் புறப்படும் நாளை நாங்கள் இனியும் தள்ளிப் போடாதிருக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.