அபராதத்தை மறுக்கவும் வழி வேண்டும்

போக்குவரத்து அபராதத்தைக் கட்டுவது இன்று மிக எளிது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. இருந்த இடத்திலிருந்தே பணத்தைச் செலுத்திவிடலாம். அதே அபராதம் தவறாக விதிக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால், வேலையைப் போட்டுவிட்டு நீதிமன்றப் படியேற வேண்டும். கட்டுவதற்கு இருக்கும் வசதி மறுப்பதற்கும் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் உரிய அடிப்படை நியாயம் இது.

விதியை மீறுபவர்களுக்காக நாம் வாதாடவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டின் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஹெல்மெட் போடாதவரையும் குடித்துவிட்டு ஓட்டுபவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் அணியாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. தண்டனை பல மடங்கு கடுமையானது. ஆனால், தண்டனை தவறானவர் மீது விழுந்தால் அதைத் திருத்தும் வழி மட்டும் அந்த அளவுக்கு எளிதாகவில்லை.

தவறு நேர வாய்ப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிஎன் 38 கோவை வடக்கின் எண்; டிஎன் 33 ஈரோடு கிழக்கின் எண். சேறு படிந்த பலகையில் எட்டு மூன்றாகத் தெரிந்தால் போதும், கோவை அவிநாசி சாலையில் போன வண்டிக்கான அபராதம் ஈரோட்டில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குப் போய்விடும். கார் உரிமையாளருக்கு ஹெல்மெட் அபராதம், விற்றுவிட்ட வண்டிக்கு அபராதம் என்று வரும் புகார்கள் புதியவை அல்ல. நாமக்கல், சங்ககிரி லாரி உரிமையாளர்கள் ‘ஆன்லைன் வழக்கு’களை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். வண்டியை நிறுத்தாமல், ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடப்படும் வழக்குக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே அவர்கள் கேள்வி.

சட்டத்தில் வழி இருக்கிறது. அபராதத்தை ஏற்காதவர் வழக்கை நீதிமன்றத்தில் நடத்தலாம். மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கிலும் ‘எதிர்க்கிறேன்’ என்று தெரிவிக்க இடமுண்டு; அப்படித் தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆம் பிரிவு, சிறு குற்றங்களைத் தபாலிலேயே ஒப்புக்கொண்டு பணத்தை அனுப்ப அனுமதிக்கிறது. மறுப்பவர் மட்டும் தானே வர வேண்டும் அல்லது வழக்கறிஞரை வைக்க வேண்டும். சம்பவம் கோவையில் நடந்ததாகச் சொல்லப்படுவதால், ஈரோட்டுக்காரரும் இங்குள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

கணபதியில் ஃபவுண்டரியில் வேலை பார்ப்பவருக்கும் சோமனூரில் தறி ஓட்டுபவருக்கும் வாய்தா என்றால் அன்றைய கூலி போச்சு என்று அர்த்தம். வழக்கறிஞர் கட்டணம் அபராதத்தைத் தாண்டிவிடும். ‘ஆயிரம் ரூபாய்க்கு யாருங்க கோர்ட்டுக்கு அலையறது, கட்டித் தொலைச்சிடலாங்க’ என்பதுதான் இங்கே எல்லோரும் எடுக்கும் முடிவு. கட்டாமல் விட்டாலும் நிம்மதியில்லை, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும்போது நிலுவை அபராதம் குறுக்கே நிற்கிறது. இப்படிக் கட்டப்படும் பணத்தில் எவ்வளவு குற்றத்துக்கானது, எவ்வளவு அலைச்சலுக்கு அஞ்சிக் கட்டியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அபராதத்தின் மீது மக்களுக்குள்ள மரியாதை குறைவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

லோக் அதாலத் இருக்கிறதே என்று சொல்லலாம். நிலுவை வழக்குகளைக் குறைக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால், அங்கே நடப்பது சமரசம். தப்பே செய்யாதவர் எதற்காகச் சமரசம் செய்துகொள்ள வேண்டும்? அவருக்கு வேண்டியது தள்ளுபடி அல்ல. தவறு தன்னுடையதல்ல என்ற தீர்ப்பு.

காவல் துறைக்கும் கடமை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் மத்திய அரசு கொண்டுவந்த விதி 167ஏ, கேமரா மூலம் போடப்படும் வழக்குகளுக்குத் தெளிவான நிபந்தனைகளை வைத்தது. கருவிக்கு மாநில அரசின் அங்கீகாரச் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிப்பு இருப்பதை அறிவிக்கும் பலகை சாலையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குற்றமும் வண்டி எண்ணும் தெளிவாகத் தெரியும் படம், இடம், நேரம், கருவி பதிந்த அளவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று ஆகியவை இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. இவை வெறும் சடங்குகள் அல்ல. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது என்ற கோட்பாடு சாலைக்கு வரும்போது எடுக்கும் வடிவம் இது.

எழுத்திலேயே வழக்காடும் முறை உலகில் புதிதல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிறு போக்குவரத்து வழக்கை மறுப்பவர் தன் தரப்பை எழுதி, ஆதாரங்களுடன் அனுப்பலாம். வழக்குப் போட்ட அதிகாரியும் எழுத்தில் பதில் தருவார். தீர்ப்பு பாதகமானால் நேரில் புதிய விசாரணை கேட்கவும் உரிமையுண்டு. ஆனால், அங்கே தொகையை முதலிலேயே கட்டிவைக்க வேண்டும். நமக்கு அந்த நிபந்தனை கூடாது. கூலிக்காரருக்கு அதுவே கதவடைப்பாகிவிடும்.

இங்கே செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தவறான அபராதம் பற்றிய எழுத்துப் புகாரை, வழக்குப் போட்ட போக்குவரத்துப் பிரிவைச் சேராத அதிகாரி குறித்த நாட்களுக்குள் பரிசீலித்து, காரணத்துடன் பதில் தர வேண்டும். அதிலும் தீராதவை நீதிமன்றத்துக்குப் போனால் காணொலி விசாரணையே பொது விதியாக இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530ஆம் பிரிவு மின்னணு முறை விசாரணைக்கு இடம் தருகிறது. கோவை நீதிமன்ற வளாகத்தில் இந்த வழக்குகளுக்கென மாலை நேர அமர்வு ஒன்றும் வேண்டும். வழக்கு முடியும்வரை வண்டி தொடர்பான எந்தச் சேவையையும் முடக்கக் கூடாது. எத்தனை அபராதங்கள் எதிர்க்கப்பட்டன, எத்தனை ரத்தாயின என்பதை மாநகரக் காவல் துறை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

எல்லோரும் மறுக்கத் தொடங்கினால் நீதிமன்றங்கள் திணறும் என்பது ஒரு வாதம். படமும் சான்றும் தெளிவாக இருந்தால் தப்பு செய்தவர் மறுக்க முன்வரமாட்டார். அவை இல்லாத வழக்கு முதலில் போடப்பட்டிருக்கவே கூடாது. ஆகவே, சுமை அதிகரிக்காது. சரியில்லாத வழக்குகள்தான் குறையும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. விதியை மீறியிருந்தால் தயங்காமல் கட்டுங்கள். மீறவில்லை என்றால், தொகை சிறியது என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள்; படத்தைக் கேளுங்கள், எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அந்த மறுப்புக்கு மரியாதையான, செலவில்லாத பாதையை அமைத்துத் தருவது தமிழக அரசும் சென்னை உயர் நீதிமன்றமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதைக் கோவையிலிருந்தே தொடங்கலாம்.