முகாம் வண்டியும் மின்கலமும்

காரின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு முகாம் வண்டிக்கு மின்கலம் வாங்கப் புகுவோர் முதலில் விலைப்பட்டியலைப் பார்க்கின்றனர். குளிர்பெட்டியைப் பாருங்கள் என்போம் நாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் உடன் வருவாராயின் அந்தப் பெட்டிதான் அனைத்தையும் தீர்மானிக்கிறது.

12 வோல்ட்டில் இயங்கும் சிறு கம்ப்ரஸர் பெட்டி, ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் இழுக்கும். நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் ஓடினால் 360 வாட்மணி. விளக்கு, விசிறி, கைபேசி சேர்ந்தால் 550ஐ எட்டலாம். 100 ஆம்பியர்மணி ஈய அமில மின்கலம் 1200 வாட்மணி என்று பெயர் பெற்றிருப்பினும், அடிக்கடி பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் குன்றும். ஆகவே ஒரு நாளைக்கே அது போதும். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் தன் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தரும். எடையும் ஏறத்தாழப் பாதி. விலை கூடுதல்தான், கொடுக்கலாம் என்பதே நம் துணிபு. (உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் ஆகாது, பனிமலைக்குப் போவோர் கவனிக்க.)

நிற்க. கூரையிலுள்ள 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 400 வாட்மணி தரக்கூடும். ஆனால் வண்டியை மரநிழலில் அல்லவா நிறுத்துகிறோம்! நமக்கு இதம், தகட்டுக்குப் பட்டினி. எனவே 200 வாட் வேண்டும், அதுவும் கழற்றி வெயிலில் விரிக்கத்தக்கதாய். ஜெனரேட்டரோ? காட்டின் அமைதியை நாடிச் சென்று, அதன் இரைச்சலைப் பக்கத்துக் கூடாரத்தாருக்கு வழங்குவதை நாம் ஒப்போம்.