பேராசிரியர் சொன்னால் போதுமா?

மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் மனோதத்துவம் எம்.ஏ. வாசிக்கும் மாணவர்களில் பலர், ஆராய்ச்சி முறை என்கின்ற பாடத்தை ஒரு பெருந்தொல்லையாகவே கருதுகின்றார்கள். "மனித மனதை அறிய வந்த எங்களுக்குக் கணக்கும் அட்டவணையும் எதற்கு?" என்பது இவர்கள் கேள்வி. இவர்களுக்கு ஹாலந்து தேசத்துச் சங்கதி ஒன்றை எடுத்துக்காட்ட ஆசைப்படுகின்றோம்.

அங்கு டில்பர்க் சர்வகலாசாலையில் டீடெரிக் ஸ்டாபெல் என்று பேர்பெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் சோதனை நடத்தாமலேயே, நடத்தியதாகக் கணக்கைக் கற்பனையாய் எழுதி மாணவர்கள் கையில் கொடுத்து வந்தார். மாணவர்களும் அதைப் பிரசாதம் போல் வாங்கிக்கொண்டார்கள். 2011-ல் பித்தலாட்டம் வெளியாயிற்று. பிறகு 50-க்கு மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் பெறப்பட்டன. இதை வெளிப்படுத்தியவர்கள் யார்? சர்க்காரா? பெரிய பண்டிதர்களா? இல்லை. அவருடைய இலாகாவிலேயே இருந்த இளம் ஆராய்ச்சியாளர்கள் மூவர்! சந்தேகிக்கத் தெரியாதிருந்தால் அவர்களும் கும்பிட்டுவிட்டுத்தானே போயிருப்பார்கள்?

"ஒருவர் அயோக்கியரானால் எல்லோரையும் குறை கூறலாமா?" என்பார்கள். நாம் அப்படிக் கூறவில்லை. யோக்கியர்களும் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ளக்கூடும் என்றுதான் சொல்லுகின்றோம். அதே 2011-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மூவர், ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டதாகக் கணக்கிலேயே "ருஜு" செய்து காட்டினார்கள்! எப்படி? பல விதமாகக் கணக்குப் பார்த்து, பலித்ததை மாத்திரம் வெளியிட்டால் எதையும் ருஜுப்பிக்கலாம் என்று உலகத்துக்கு உணர்த்துவதற்காகவே அப்படிச் செய்தார்கள். பிறகு 2015-ல் சுமார் 270 பேர் கூடி, பிரசுரமான 100 ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முன்பு 97 பலித்ததாகச் சொல்லப்பட்டிருக்க, இப்போது பலித்தவை நூற்றுக்கு 36 வீதந்தான்.

உடனே சில சாஸ்திரிகள், "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் பொய்த்தது" என்று துள்ளிக் குதிப்பார்கள். ஐயா, பொய்த்ததைக் கண்டு சொன்னதும் அந்த விஞ்ஞானந்தானே? தன் குற்றத்தைத் தானே தேடிப்பிடித்து, வருஷத்தோடும் தொகையோடும் பறைசாற்றும் சாஸ்திரம் உங்களிடம் ஒன்று உண்டா?

ஆகவே, ஆராய்ச்சி முறை என்பது பரீட்சைக்கு உருப்போட்டு மறுநாள் மறந்துவிடும் மந்திரமல்ல. எம்.ஏ. மாணவன் ஒவ்வொருவனும், ஒவ்வொருத்தியும், பழைய சோதனை ஒன்றையாவது தன் கையாலேயே திரும்பச் செய்து பார்க்கட்டும். இன்னதைச் சோதிக்கப்போகின்றோம், இன்ன விதமாகக் கணக்குப் பார்ப்போம் என்று முன்னதாகவே எழுதிப் பதிவு செய்யட்டும். மூலக் கணக்கைக் கேட்கும் மாணவனைக் கண்டு கோபிக்கிற பேராசிரியரைவிட, அவரிடம் கேட்கப் பயப்படுகிற மாணவனே அறிவுக்கு அதிக ஆபத்தானவன் என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம்.