வேடந்தாங்கலில் ஒரு மார்கழிக் காலை

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் வேடந்தாங்கல். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது செங்கல்பட்டின் பங்காயிற்று. கோடை விடுமுறைக்கு ஊட்டியும் ஏற்காடும் செல்லும் நம் குடும்பங்களில் பல, இவ்வளவு அருகிலுள்ள இவ்வேரியைக் கண்டதில்லை.

கடந்த மார்கழியில் மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். கரையை அடைந்தபோது ஏரியின்மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. ஓசைதான் முதலில் வந்தது. பின்னரே நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களும், கிளைதோறும் கூடுகளும் தெரிந்தன. கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என எழுதிக்கொண்டே வந்த மாணவர்கள் ஒரு கட்டத்தில் எழுதுவதை விட்டுப் பார்க்கத் தொடங்கினர். அதுவே சரியென்று நானும் விட்டுவிட்டேன். நத்தைகுத்தி நாரை அவர்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும்; நத்தையைப் பிடிக்க அவ்வமைப்பு உதவுகிறது. குஞ்சுகளுக்கு அவ்விடைவெளி இல்லை. வளர வளரவே உண்டாகிறது. வடக்கிலிருந்து குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் ஏரியில் மிதந்துகொண்டிருந்தன.

தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடனின் பெயர்தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்தது என்பது வியப்புக்குரியது. துப்பாக்கியால் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரர்கள்மீது ஊரார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்புக்கான கௌல் எழுதித் தந்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. கௌல் என்பது அரபுச் சொல். நம் மதரஸாப் பிள்ளைகள் அன்றாடம் படிக்கும் அதே 'கௌல்'தான். சொல், வாக்கு என்பது பொருள்.

ஊரார் கருணையால் மட்டும் இதைச் செய்யவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து நெல்லுக்கு உரமாகிறது. தம் விளைச்சலையும் பறவையின் உயிரையும் ஒன்றாகவே அவர்கள் கண்டனர். தீபாவளியன்றும் அவ்வூரில் பட்டாசு வெடிப்பதில்லை. இத்தகைய தன்னலத்தை நான் குறைகூற மாட்டேன்.

பறவையியல் என்றதும் நினைவுக்கு வருபவர் மர்ஹூம் சாலிம் அலி (1896–1987). பெற்றோரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இதை உண்ணத் தகுமோ என ஐயுற்று மாமாவிடம் கொண்டுசென்றார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். ஹலாலா என்ற ஒரு சிறுவனின் ஐயத்திலிருந்து பெரும் அறிஞர் ஒருவர் கிடைத்தார்! கேள்வி கேட்கும் பிள்ளையை நாம் எத்தனை முறை அதட்டி அடக்கியிருப்போம்?

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. ஏரியை மட்டும் காத்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. நாரை கூடு கட்டுவது ஏரியில். இரை தேடுவதோ சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிளியும் ராம்சர் ஈரநிலங்களாயின.

குடும்பத்துடன் செல்ல விரும்புவோர் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், அதிகாலையிலோ அஸருக்குப் பின்னரோ செல்லலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரி வறண்டு கிடக்கும். பறவைகளும் வேறிடம் தேடிப் போய்விடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.