தொழிற்சாலை வந்தது, வீட்டு வரி ஏன் குறையவில்லை?

பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்டு கடைசியிலும் நகராண்மைக் கழக முகப்பிடங்களில் கூட்டம் அலைமோதும். எல்லாரும் மதிப்பீட்டு வரி கட்ட வந்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் 'சுக்காய் பிந்து' என்றால்தான் புரியும். அந்த வரிசையில் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும்: "ஊருக்கு இவ்வளவு கம்பெனி வந்திருக்கே, நம்ம வரி மட்டும் ஏன் குறையல?"

நியாயமான கேள்விதான். கூலிமை எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் சூழ்ந்த அந்தச் சின்ன ஊரில், 1996-இல் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல் வந்தது. ஜெர்மனியின் இன்பினியன் வந்தது. 2024 ஆகஸ்டில் அதே இன்பினியன் தன் புதிய சில்லு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தபோது பிரதமர் அன்வாரே நேரில் வந்தார். கோடிக்கணக்கில் முதலீடு. அதில் தாமான் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் எவ்வளவு வரும்?

ஒரு நிறுவனம் கட்டும் பணம் மூன்று பைகளுக்குப் போகிறது. வருமான வரி மத்திய அரசுக்கு. அதிலும், 1986-ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் கீழ் முன்னோடித் தகுதி கிடைத்தால் சில ஆண்டுகளுக்குச் சலுகை உண்டு. நில வரி மாநில அரசுக்கு. மதிப்பீட்டு வரிதான் ஊராட்சி மன்றத்துக்கு. கூலிமில் அதிலும் ஒரு சிக்கல். தொழில்நுட்பப் பூங்காவுக்கென்றே தனி ஊராட்சி அமைப்பு இருக்கிறது. பூங்கா ஆலைகளின் மதிப்பீட்டு வரி அங்கே போகும். டவுனில் வீடு வைத்திருப்பவரின் வரி நகராண்மைக் கழகத்துக்கு. ஆக, பக்கத்தில் எத்தனை ஆலை வந்தாலும் உங்கள் பில் தானாகக் குறைய வழியில்லை.

கூடுவதற்கு வழி இருக்கிறது. ஜொகூரில் முறை வேறு. மற்ற இடங்களில் பெரும்பாலும் உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணித்து, அதில் ஒரு விழுக்காட்டை வரியாகப் போடுவார்கள். ஆலை வந்தால் பொறியாளர்கள் வருவார்கள், வாடகை ஏறும். தோட்டத்தை விட்டு வந்து, இபிஎஃப் பணத்தில் வீடு வாங்கிய ஓய்வுபெற்றவர் அதை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. அவருக்கு ஒரு காசு கூடுதல் வருமானமில்லை. ஆனாலும் அடுத்த மறுமதிப்பீட்டில் அவர் வீட்டின் மதிப்பும் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை மதிப்பு 800 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 9,600. விகிதம் 6 விழுக்காடு என்றால் வரி 576 வெள்ளி. மதிப்பு 1,200 வெள்ளியாக ஏறி, விகிதம் அப்படியே இருந்தால் வரி 864. விகிதத்தை 4 ஆக்கினால் மீண்டும் அதே 576. ஆகவே மதிப்பீட்டு அறிக்கை வந்தால், புதிய மதிப்பு எவ்வளவு, புதிய விகிதம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக் கோபப்படுவதிலும் பயனில்லை, நிம்மதி அடைவதிலும் பயனில்லை.

கேட்டால் நடக்குமா? 2013 கடைசியில் கோலாலம்பூரில், 21 ஆண்டுகளுக்குப் பிறகு மறுமதிப்பீட்டு அறிக்கைகள் வீடு வீடாக வந்தன. மக்கள் ஆட்சேபக் கடிதங்களைக் குவித்தார்கள். வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4-க்கு இறங்கியது.

அந்த உரிமை தலைநகரத்துக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தின்படி, மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். நாள் தவறினால்தான் சிக்கல். அறிக்கையை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். அப்பா அம்மாவுக்கு மலாய்க் கடிதம் சிரமம் என்றால், பிள்ளைகள் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அன்று முதல் கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டால் கேட்க முடியாததை வாயால்தான் கேட்க வேண்டும். மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே வேறு தீர்மானம் போட்டாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டம் சொல்கிறது. போய் உட்கார்ந்து கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

புதிய நிறுவனம் ஒன்று உங்கள் ஊருக்கு வருகிறது என்ற செய்தியைப் படித்தால், உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அதன் மதிப்பீட்டு வரி எந்த மன்றத்துக்குப் போகிறது? வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு, என்ன சம்பளம்? அந்த வேலைக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் பயிற்சி எங்கே? கூலிமில் பூங்காவுக்குள்ளேயே துவாங்கு சுல்தானா பஹியா போலிடெக்னிக் இருக்கிறது. அந்த வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்காமல், இப்போதே பிள்ளையோடு போய் அங்குள்ள படிப்புகளை விசாரித்துவிட்டு வரலாம். ஊருக்கு வந்த ஆலையால் வீட்டு வரி குறையாமல் போகலாம். வீட்டுக்கு ஒரு நல்ல சம்பளமாவது வரட்டுமே.