கடிகாரத்தைத் திருப்பினால் பொழுது விடிந்துவிடுமா?

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியில் ஒரு ஆச்சி, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வழக்கம்போல் கோயிலுக்குப் போயிருக்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் அங்கே காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார். இங்கே அது இரவு ஏழரை. அன்றைக்கு மட்டும் போன் ஆறரைக்கே அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. பதறிப்போன மகன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, ஒருவழியாக ஆச்சி லைனில் வந்தார்.

"ஏம்ப்பா, ஒரு மணி நேரம் முன்னாடியே கூப்பிட்டுட்டியே?"

"இல்லம்மா, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுட்டாங்க."

"அது சரி, சூரியன்கிட்ட யாரு சொன்னா?"

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூறு வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். கோடையில் சூரியன் சீக்கிரம் உதிக்கும்போது மக்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வெளிச்சம் வீணாகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் அதே வெளிச்சம் சாயங்காலம் கிடைக்கும். டேலைட் சேவிங் என்பது இவ்வளவுதான். 1895-ல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் இதைச் சொன்னார். வேலை முடிந்து வந்து பூச்சி பிடிக்க அவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது! 1907-ல் இங்கிலாந்தில் வில்லியம் வில்லட் என்ற கட்டடத் தொழிலதிபர் பிரசுரமே போட்டார். கடைசியில் 1916-ல், முதல் உலகப் போரின் நடுவே, நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி இதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது.

லண்டனுக்கு இதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. கடிகாரத்தைத் தொடாவிட்டால் ஜூனில் விடியற்காலை நாலு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். காரைக்குடியிலோ பூமத்திய ரேகை பக்கத்தில் இருப்பதால், வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம்தான். சூரிய உதயம் மே கடைசியில் 5.50-ஐ ஒட்டி, ஜனவரி கடைசியில் 6.40-ஐ ஒட்டி. அவ்வளவுதான் ஆட்டம். சேமிக்க இங்கே என்ன இருக்கிறது?

இன்னொன்று, சாயங்கால வெயில் இங்கிலாந்துக்காரருக்கு வரம். சித்திரை மாதம் காரைக்குடியில் ஐந்து மணி வெயிலை வரம் என்று யாராவது சொல்வார்களா? வெயில் உள்ளே வராமல் இருக்கத்தானே அந்தக் காலத்தில் தடிமனான சுவரும் முற்றமும் வைத்து வீடு கட்டினார்கள்! அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெரும்பாலான பகுதிகள் 2006-ல்தான் இந்த முறைக்கு வந்தன. ஆராய்ந்து பார்த்தால் வீடுகளின் மின்செலவு குறையவில்லை, சுமார் 1 சதவீதம் கூடியிருந்தது. விளக்குக்கு மிச்சமானதை ஏ.சி. சாப்பிட்டுவிட்டது.

"இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. போர் முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

பக்கத்து இலங்கையின் கதை இதைவிடப் பெரிய பாடம். 1996-ல் மழை பொய்த்து, நீர்மின் அணைகள் வற்றி, மின்வெட்டு. மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கினார்கள். மீதி அரை மணி நேரம் பத்து வருஷம் அப்படியே நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு மணி! ஜனவரியில் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் வரும் என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த வெளிச்சத்தில் கிளம்புவார்கள்? 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பியது. பங்களாதேஷ் 2009 ஜூனில் ஆரம்பித்து அந்த வருஷக் கடைசியிலேயே கைவிட்டது.

இந்தியாவிலும் யோசனைகள் வராமல் இல்லை. பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி.பி. சென் குப்தாவும் திலீப் அஹுஜாவும், இந்திய நேரத்தை நிரந்தரமாக அரை மணி நேரம் முன்னே நகர்த்தினால் வருஷத்துக்கு 200 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். விளையாட்டான தொகை இல்லை. அசாம் பக்கம் கோடையில் நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும். அங்கே இந்த யோசனைக்கு நல்ல வரவேற்பு இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கணக்கு என்றால் செட்டிநாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். மாலைக்கு அரை மணி வெளிச்சம் வரவு என்றால், அது யாரோ ஒருவருடைய காலையில் பற்று. அந்த யாரோ யார்?

கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் முதல் பஸ் பிடித்து காரைக்குடிக்குப் படிக்க வரும் பெண். அவளுக்கு முன்னால் எழுந்து சோறு வடித்து டிபன் பாக்ஸ் கட்டும் அம்மா. பால்காரர், பூக்கட்டுபவர், தெரு கூட்டுபவர். இவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே இருட்டில்தான் நாள் தொடங்குகிறது. ஜனவரியில் சூரிய உதயம் ஏழைத் தாண்டினால் அந்த இருட்டு இன்னும் நீளும். 200 கோடி யூனிட் என்று வரவு எழுதுகிற ஏட்டில் இந்தப் பற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதின ஏட்டை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் அசாமுக்கு என்ன வழி? வழி அங்கேயே இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோட்டத்துக்குள் ஒரு மணி நேரம் முன்னதாக வேலையை வைத்துக்கொள்கின்றன. யாருக்கு வெளிச்சம் தேவையோ அவர்கள் தங்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தை எழுப்பவில்லை. அரசு அலுவலகமோ தொழிற்சாலையோ, அந்தந்த ஊருக்குத் தக்கபடி சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூட எந்தக் கடிகாரமும் தடை சொல்லப்போவதில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றமே 2019-ல் இந்த வழக்கத்தை நிறுத்திவிட ஓட்டுப் போட்டது. நாடுகளுக்குள் ஒத்துப்போகாததால் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. மெக்சிகோ 2022-ல் பெரும்பாலான பகுதிகளில் நிறுத்தியேவிட்டது. விட முடியாமல் தவிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே போய் மாட்டிக்கொள்வானேன்?

ஆச்சி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மகனிடம் பேசி முடித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புகிறார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அவர் தொடவில்லை.